பழைய காரின் வெளிப்பட்டைகளைக் கழற்றியபோது நடந்தது: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

நீலவண்டி:
முன்கண்ணாடியைச் சுற்றி வருகிற பளபளப்புப் பட்டை. ரப்பருக்குள் செருகுகிற வகை இல்லை, உள்ளே கிளிப் கவ்விப் பிடிக்கிற வகை. கண்ணாடி மாற்ற வந்தவர் கொக்கிக் கருவியை உள்ளே விட்டு ஒவ்வொரு கிளிப்பாக விடுவித்துக்கொண்டே வந்தார். மேல்பக்கம் முழுக்க அழகாக வந்தது. மூலையில் ஒரு கிளிப் மட்டும் விடவில்லை. "வந்துரும் சார்" என்றபடி, ஏற்கெனவே வந்த பகுதியைப் பிடித்து மேலே தூக்கினார். டப் என்று ஒரு சத்தம். பட்டை கையோடு வந்துவிட்டது, மூலையிலிருந்து ஒரு சாண் தள்ளி நகத்தின் அகலத்துக்கு ஒரு மடிப்புடன். "இருங்க" என்று நான் வாய் திறப்பதற்குள் முடிந்துபோனது. கட்டைவிரலால் அமுக்கி நேராக்கப் பார்த்தார்; மடிப்பு இன்னும் கூர்மையானதுதான் மிச்சம். கண்ணாடி ஒழுகவில்லை, வேறு குறை இல்லை. ஆனால் வண்டியை வெயிலில் நிறுத்தினால் வெளிச்சம் அந்த இடத்தில் உடைந்து தெரிகிறது. என் கண் வேறெங்கும் போவதில்லை. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

தகரத்தோழன்:
எவர்சில்வராக இருந்தால் மடிப்பு எடுபடும். என் வண்டியின் கதவுப் பட்டையில் முந்தைய உரிமையாளர் காலத்துப் பள்ளம் ஒன்று இருந்தது. பட்டையின் வளைவுக்கு ஏற்றபடி கடினமான மரக்கட்டை ஒன்றைச் செதுக்கி, அதன்மேல் பட்டையைக் கவிழ்த்து வைத்து, உருண்டை முகம் கொண்ட சின்னச் சுத்தியால் பின்பக்கமிருந்து தட்டினேன். பள்ளத்தின் ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வர வேண்டும். தட்டத் தட்ட எவர்சில்வர் இறுகும், அதனால் அடி மென்மையாகவும் குறைவாகவும் இருக்கட்டும். பிறகு முன்பக்கத்தில் 400, 600, 1000 என்று உப்புத்தாள், கடைசியில் பஃபிங், அதாவது சுழலும் துணிச் சக்கரத்தில் மெருகேற்றுவது. பஃபிங் சக்கரம் பட்டையின் விளிம்பைக் கவ்விப் பிடுங்கி எறிந்துவிடும். ஒரு பலகையில் பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் சக்கரத்தில் காட்ட வேண்டும். எல்லாம் முடித்து டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்தேன். விளக்கின் கோடு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வளையாமல் ஓடியது. அந்த ஒரு நொடியை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

வெள்ளிமேகம்:
"எவர்சில்வராக இருந்தால்" என்று இரண்டு வார்த்தையில் கடந்துபோகிறீர்களே, பழைய வண்டிகளில் பாதிப் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. என் சித்தப்பாவின் காரைக் கழுவ விட்ட இடத்தில், சக்கரத்துக்கு அடிக்கிற காரமான திரவத்தைக் கிரில்லிலும் ஜன்னல் பட்டைகளிலும் சேர்த்து அடித்துவிட்டார்கள். அவை அனோடைஸ் செய்த அலுமினியம். தண்ணீர் விட்டு அலசும்போது நுரை போனது, திரவம் வழிந்த தடங்கள் போகவில்லை. வெள்ளை வெள்ளையாக அப்படியே நின்றன. கழுவியவர் அழுக்கு என்று நினைத்து மேலும் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா ஒன்றுமே பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. அனோடைஸ் என்பது அலுமினியத்தின் மேல் வளர்த்த ஆக்சைடு படலம். வலுவான காரமும் அதை அரிக்கும், அமிலமும் அரிக்கும். அரித்த பிறகு பாலிஷ் போட்டுப் பயனில்லை. மிச்சமிருக்கும் படலத்தை முழுக்க நீக்கி, உலோகத்தைப் பாலிஷ் செய்து, மறுபடி அனோடைஸ் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் விடாமல் மெழுகு பூசிக் காப்பாற்ற வேண்டும்.

தகரத்தோழன்:
கோபம் புரிகிறது. ஆனால் எந்த உலோகம் என்று கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. காந்தம் வையுங்கள். ஒட்டினால் குரோம் பூசிய இரும்பு, ஒட்டாவிட்டால் எவர்சில்வர்.

வெள்ளிமேகம்:
இல்லை. கார் பட்டைகளுக்குப் பரவலாகப் பயன்படும் 430 ரக எவர்சில்வரில் காந்தம் நன்றாகவே ஒட்டும். 304 ரகத்தில் ஒட்டாது. அலுமினியத்திலும் துத்தநாக வார்ப்பிலும்கூட ஒட்டாது. அதனால் காந்தத்தை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். பட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். குரோம் பூசிய இரும்பில் பின்னால் துரு இருக்கும். அலுமினியம் கையில் எடுத்தாலே லேசு, ஆணி முனை பட்டால் எளிதில் கீறல் விழும். வார்ப்பு என்றால் தடிமனாக, கனமாக இருக்கும். குரோமுக்கு அடியிலிருந்து கொப்புளம் கிளம்பியிருக்கும்.

ஒற்றைஆணி:
என்னுடையது சின்ன விஷயம். பின்பக்கம் வண்டியின் பெயர் தனித்தனி எழுத்தாக இருந்தது, எல்லாம் துத்தநாக வார்ப்பு. டிக்கிக்கு உள்ளேயிருந்து நட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்துக் கழற்றினேன். எழுத்துகளைத் துணியில் கவிழ்த்து வைத்தபோது ஒன்று மட்டும் மஞ்சளாக இருந்தது. பித்தளை! யாரோ ஒருவர் அரத்தால் ராவி ராவி, பக்கத்து எழுத்துகளின் வளைவுக்குச் சரியாகக் கொண்டுவந்து, மேலே வெள்ளி வண்ணம் அடித்திருக்கிறார். அரத்தின் கோடுகள் பின்னால் அப்படியே தெரிந்தன. யார், எப்போது, எதனால் என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. அசல் எழுத்து ஒன்று கிடைத்தது. வாங்கவில்லை.

மழைக்காலம்:
என் அனுபவம்: பக்கவாட்டுப் பட்டையைக் கழற்றினேன், பின்னால் மண் அடைத்திருந்தது. வாரக்கணக்கில் மழையே இல்லை, அந்த மண் ஈரமாக இருந்தது. ஒவ்வொரு கிளிப் துளையைச் சுற்றியும் துரு வளையம்.

அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன். நெம்புவதற்கு முன் பட்டையின் இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பிளாஸ்டிக் நெம்புகோல் போதும், திருப்புளி வேண்டாம். குளிரில் பழைய பிளாஸ்டிக் கிளிப் பொடிப்பொடியாக உடையும். வெயிலில் நிறுத்திவிட்டுக் கழற்றுங்கள். பட்டையை ஒரு முனையில் பிடித்துத் தூக்கவே கூடாது, கிளிப் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நெம்ப வேண்டும். கழற்றியதும் இடது, வலது, முன், பின் என்று எழுதி ஒட்டி நீளப் பலகையில் படுக்க வையுங்கள். துளைகளில் துருவை எடுத்து, பிரைமர், பெயிண்ட் அடித்து, திரும்ப மாட்டும்போது தண்ணீர் புகாமல் அடைக்கிற பியூட்டைல் சீலன்ட் வையுங்கள். உடைந்த கிளிப்புக்குப் பதில் இரும்பு ஸ்குரு போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. எவர்சில்வரோ அலுமினியமோ இரும்பைத் தொட்டுக்கொண்டு, நடுவில் ஈரமும் இருந்தால் அரிப்பு வேகமாகும். எவர்சில்வர் என்றால் பாடி இரும்பு அரிபடும், அலுமினியம் என்றால் பட்டையே அரிபடும். கிளிப் பிளாஸ்டிக்காக இருப்பது அதற்கும் சேர்த்துத்தான்.

ஒட்டுப்பட்டையால் ஒட்டிய சின்னம் என்றால் ஹேர் டிரையரால் சூடாக்கி, தூண்டில் நரம்பைப் பின்னால் விட்டு அறுத்து எடுங்கள். ரப்பரில் பெட்ரோல், மண்ணெண்ணெய் படவே கூடாது, உப்பிவிடும். குரோமில் துருப் புள்ளி இருந்தால் சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். இரும்புக் கம்பளி வேண்டாம், அதன் துணுக்குகள் தங்கி அவையே துருப்பிடிக்கும். வெளுத்த கறுப்புப் பிளாஸ்டிக்கில் சூடான காற்று ஊதுகிற ஹீட் கன்னைக் காட்டுகிறார்கள். கறுப்பு திரும்பும், நிற்காது.

நீலவண்டி:
நன்றி. பின்பக்கத்தைப் பார்த்தேன். துரு இல்லை, காந்தம் ஒட்டவில்லை, ஆணி முனை லேசில் இறங்கவில்லை. எடை அலுமினியம் மாதிரி இல்லை.

வெள்ளிமேகம்:
எவர்சில்வர்தான். தகரத்தோழன் சொன்னபடியே தட்டலாம், அந்த முறையில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. தட்டுவதற்கு முன் பின்பக்கத்தில் இருக்கிற பழைய பசை, மண் எல்லாவற்றையும் சுத்தமாக எடுத்துவிடுங்கள். சுத்திக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு மணல் சிக்கினால் போதும், முன்பக்கம் புதுப் புடைப்பு கிளம்பும். மரக்கட்டையின் மேலேயும் தூசி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூலையில் விடாமல் இருந்த அந்தக் கிளிப்பையும் மாற்றிவிடுங்கள்.