பிராக்கேஜ்: தமிழில் எதிருருவா, ஒட்டச்சா?

வணக்கம்.

இம்மாதம் ஆல்பத்துக்கு வந்த காசுகளில் இரண்டுக்கு அட்டைக்குறிப்பு எழுதச் சொல் கிடைக்கவில்லை.

முதலாவது, 1992 முதல் வந்த எஃகு ஒரு ரூபாய். விட்டம் 25 மி.மீ., எடை 4.84 கிராம் (விதித்த எடை 4.85). ஒரு பக்கம் வழக்கமான சிங்கத் தூண், புடைப்பாக. திருப்பினால் மறுபடியும் சிங்கத் தூண்தான். ஆனால் குழிவாக, இடம் வலம் மாறி. 'பாரத்' என்ற நாகரி எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி நிற்கிறது. மதிப்பெண், கதிர், ஆண்டு, சாலைக் குறி (காசை அடித்த நாணயச் சாலையின் அடையாளம்) எதுவும் இல்லை.

இரண்டாவது, ஐந்தாம் ஜார்ஜ் வெண்கலக் காலணா. 25.4 மி.மீ., 4.8 கிராம். இதிலும் மன்னர் தலை ஒருபுறம் புடைப்பு, மறுபுறம் குழிவு. குழிந்த தலை ஏறக்குறைய 2 மி.மீ. ஒதுங்கியிருக்கிறது, வாசகத்தில் சில எழுத்துகள் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டன.

ஆங்கிலத்தில் பிராக்கேஜ். 'பிழை நாணயம்' எல்லாப் பிழைக்கும் பொது. 'எதிருரு நாணயம்' என்று எழுதலாமா? பார்த்தவுடன் விளங்குகிறது. கருத்துச் சொல்லுங்கள்.

* * *

> 'எதிருரு நாணயம்' என்று எழுதலாமா?

ஐயா, இரண்டுமே நல்ல சேர்க்கை. ரூபாயின் எடை சரியாக இருப்பது மனநிறைவு.

'எதிருரு' தோற்றத்தைச் சொல்கிறது, நடந்ததைச் சொல்லவில்லை. இந்தப் பிழையில் நடந்ததுதான் முக்கியம். அடித்த காசு ஒன்று வெளியே விழாமல் ஒரு அச்சிலேயே ஒட்டிக்கொள்கிறது. அடுத்த வில்லை உள்ளே வருகிறது. இயந்திரம் மறுபடி அடிக்கும்போது அந்த வில்லையின் ஒரு முகத்தை உண்மையான அச்சு தொடுகிறது. மறுமுகத்தைத் தொடுவது ஒட்டிய காசு. காசிலுள்ள உரு புடைப்பு என்பதால் அது பதியும் இடம் குழியும். நேராக இருப்பது திரும்பியும் விழும். அந்த ஒரு அடியில் காசே அச்சாகிவிடுகிறது.

உங்கள் ரூபாயை இந்தக் கணக்கில் பாருங்கள். இரண்டு பக்கமும் சிங்கம் என்றால், முந்தைய காசு மதிப்பெண் பக்க அச்சில் ஒட்டியிருக்கிறது. அதன் சிங்க முகம் வெளியே நோக்கி நின்றிருக்கிறது. மதிப்பெண் அச்சை அந்தக் காசு முழுக்க மூடிவிட்டதால் கதிரோ ஆண்டோ ஒரு கீற்றுக்கூட விழவில்லை. ஒட்டிய காசு சற்றும் அசையாதிருந்தால், குழிந்த சிங்கம் புடைத்த சிங்கத்துக்கு நேர் பின்னால், தகட்டில் தட்டி எடுத்த உருப்போல அமரும். காலணாவில் 2 மி.மீ. விலகல் இருப்பதால் அங்கே ஒட்டிய காசு நகர்ந்திருக்கிறது.

கையால் அடித்த காலத்துக்கும் இதே விளக்கம்தான். பட்டடையில் பதித்த கீழச்சில் தலைப்பக்கம், கையில் பிடித்த மேலச்சில் பின்பக்கம். கீழே ஒட்டினால் அடுத்த வில்லையை வைப்பவர் கண்ணில் உடனே படும். மேலச்சில் ஒட்டினால் அதைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். ரோமக் குடியரசுக் கால வெள்ளி டெனாரியஸ் காசுகளில் இவ்வகைப் பிழை ஏராளம். அவற்றில் பெரும்பாலும் தலைப்பக்கமே இரண்டு முறை வருவதற்குக் காரணம் இதுதான். மேலச்சை ஒவ்வோர் அடிக்கும் எடுத்து வைப்பதால் அங்கே குழிவு விலகியும் சுழன்றும் இருப்பது இயல்பு.

ஆகவே காரணத்தைச் சொல்லும் பெயராக 'ஒட்டச்சு' என்று முன்மொழிகிறேன். ஒட்டு + அச்சு. ஒட்டிய காசு அச்சானது, அதனால் விழுந்த பதிவு.

'எதிருரு', 'கண்ணாடி அச்சு', 'குழியுரு' போன்ற தோற்றப் பெயர்களில் வேறு இடைஞ்சலும் உண்டு. கண்ணாடி என்றால் புரூஃப் காசின் (சேகரிப்பவர்களுக்கென்றே தனியாக மெருகோடு அடிக்கும் காசு) பளபளப்பான களம்தான் சேகரிப்பவர் நினைவுக்கு வரும். குழியுருவோ பிழையாகவே இல்லாமலும் இருக்கலாம். தென் இத்தாலியின் மெட்டபோன்டம், குரோட்டன் நகரங்கள் கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் ஒரு பக்கம் புடைப்பும் மறுபக்கம் குழிவுமாக வேண்டுமென்றே அடித்தன. மெட்டபோன்டம் காசின் பார்லிக் கதிரைப் பார்த்தால் அச்சுகளை எவ்வளவு கவனமாக நேர்வைத்தார்கள் என்பது தெரியும். 1908-இல் அமெரிக்கா வெளியிட்ட இரண்டரை டாலர், ஐந்து டாலர் பொற்காசுகளின் உருவும் குழிவே. அவற்றுக்கு உரிய சொல்லை நாம் பிழைக்குக் கொடுத்துவிடக் கூடாது.

* * *

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு ஐயங்கள்.

ஒன்று, 'ஒட்டு' என்றவுடன் எங்களுக்கு ஒட்டு மாங்கன்றுதான் ஞாபகம் வரும். இரண்டு வேறு மரங்களைச் சேர்த்தது. அப்படிப் பார்த்தால், ஒரு காசின் முன்பக்க அச்சும் வேறொரு காசின் பின்பக்க அச்சும் தவறுதலாகச் சேர்ந்து அடிபட்டதற்கு, நீங்கள் மியூல் என்று சொல்வதற்கு, அந்தச் சொல் கூடப் பொருந்தும்.

இரண்டு, இங்கே அரச அறிவித்தல்களில் 'நாணயக் குற்றி' என்றே பாவிக்கிறோம். ஒட்டச்சை முன்மொழிந்த அம்மா 'வில்லை' என்று எழுதியது அடிபடாத உலோகத்தையா, அடிபட்ட காசையா என்று ஓரிடத்தில் தடுமாறினேன். 'ஒட்டுக்குற்றி' என்றால் ஒட்டியது காசுதான், அச்சல்ல என்பது தெளிவாகும் அல்லவா?

* * *

> 'ஒட்டுக்குற்றி' என்றால் ஒட்டியது காசுதான், அச்சல்ல என்பது தெளிவாகும்

ஒட்டிக்கொண்ட அந்தக் காசுக்கு 'ஒட்டுக்குற்றி' மிகச் சிறந்த பெயர். ஆனால் நமக்குப் பெயர் தேவைப்படுவது அதனால் அடிபட்ட அடுத்த காசுக்கு. இரண்டும் வேறு பொருள்கள். ஒட்டிய காசும் சில வேளை வெளியே வந்து சேகரிப்பில் சேர்கிறது. ஒட்டியபடியே பல அடி வாங்கியிருந்தால் அதன் ஓரம் அச்சைச் சுற்றி ஏறி, சோடா மூடிபோல் ஆகியிருக்கும். அதற்கு 'தொப்பிக் காசு' என்பேன்.

'வில்லை' அடிபடாத உலோகத்துக்கு மட்டும். அடிபட்டபின் காசு, நாணயம், குற்றி, எதுவாகவும் இருக்கட்டும்.

மாங்கன்று ஐயம் நியாயமானது. மியூலுக்கு 'பிறழிணை' என்று தனியே வைத்துவிட்டால் குழப்பம் தீரும். அங்கே இரண்டு அச்சும் நல்ல அச்சுகள், இணைதான் பிறழ்ந்தது. இன்னொன்று: கொங்குக் கல்வெட்டுகளில் 'ஆனையச்சு', 'பழஞ்சலாகையச்சு' என்று வரும் இடங்களில் அச்சு என்பது காசையே குறிக்கிறது. ஒட்டச்சு என்பதை 'ஒட்டிய காசு' என்றும் 'ஒட்டியதால் ஆன அச்சு' என்றும் இரண்டு வழியில் பிரிக்கலாம். இரண்டுமே நடந்த செயலுக்குப் பொருந்துகின்றன.

* * *

எரர் காசு வாங்கி விற்பவர்களிடம் இதற்கு 'லக்கி' என்ற பெயர் புழங்குகிறதே, அதையே எடுத்துக்கொண்டால் என்ன?

* * *

> 'லக்கி' என்ற பெயர் புழங்குகிறதே

சந்தையில் கேட்கும்போது பயன்படட்டும். தமிழ்க் காதுக்கு அது அதிர்ஷ்டம் என்ற ஆங்கிலச் சொல்லாகவே விழும். புதிதாகச் சேர்ப்பவர் 'லக்கி காசு' என்று ராசிக்காக விற்கப்படும் எதையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வார்.

'ஒட்டச்சு'க்கு என் ஆதரவு. காரணப் பெயர் வேண்டும் என்பதற்குப் போலிகளும் சான்று. சந்தையில் கிடைக்கும் போலி ஒட்டச்சுகள் எல்லாமே 'எதிருரு'தான். தோற்றம் அப்படியே இருக்கும், காரணம் மட்டும் இருக்காது.

அதிகம் வருவது பிடிகருவிப் போலி. இரண்டு நல்ல காசுகளை முகத்தோடு முகம் வைத்து இரும்புப் பிடியில் இறுக்குவது, அல்லது சுத்தியால் அடிப்பது. குழிந்த உரு விழத்தான் செய்யும். ஆனால் அது ஏற்கெனவே பதிவான உருவின் மேல் விழுகிறது. பத்து மடங்கு லென்சில் பார்த்தால் பழைய எழுத்தின் அடித்தடம் குழிவுக்கு நடுவே நசுங்கிக் கிடக்கும். உண்மையான முழு ஒட்டச்சில் அந்தப் பக்கத்து அச்சு வில்லையைத் தொடவே இல்லை. ஆகவே பழைய உருவுக்கு வழியே இல்லை. அடுத்து மறுபக்கம்: பிடியின் தாடையில் அழுந்திய மேடுகள் தட்டையாகிப் பளபளக்கும். தோலோ செம்புத் தகடோ வைத்து இறுக்கியிருந்தால் தட்டையாவது குறையும், அப்போது விட்டத்தை அளக்க வேண்டும். சாலையில் வில்லையைச் சுற்றி வளையம் இருக்கிறது, பிடியில் இல்லை. உலோகம் பக்கவாட்டில் பிதுங்கி 25 மி.மீ. காசு ஒரு திசையில் மட்டும் கூடுதலாகக் காட்டும். வெர்னியரால் நான்கு திசையில் அளந்து பாருங்கள்.

இரண்டாம் வகையில், ஒரு பக்கத்தை அராவி மழமழப்பாக்கிவிட்டு, பிறகு அழுத்துகிறார்கள். பழைய உருவின் தடம் இராது, ஆனால் எடை குறையும். 0.01 கிராம் வரை காட்டும் தராசு போதும். எஃகு ரூபாயில் 4.85-லிருந்து கால் கிராம் குறைந்தாலே விலகி நில்லுங்கள். தேய்ந்த பழைய வெண்கலத்தில் இந்தக் கணக்கு இவ்வளவு கறாராகச் செல்லாது. அங்கே விளிம்பின் தடிப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உருவளவும் பாருங்கள். குழிந்த பக்கத்தைப் படமெடுத்து, இடவலம் திருப்பி, அதே தொலைவில் எடுத்த நல்ல காசின் படத்தின்மேல் வையுங்கள். ஒட்டிய உடன் அடிபட்ட முதல் காசாக இருந்தால் எழுத்துக்கு எழுத்து பொருந்தும். உரு பெரிதாகி, ஓரத்தை நோக்கி விரிந்து, விளிம்பு மழுங்கியிருந்தால் உடனே போலி என்று தள்ளிவிடக் கூடாது. ஒட்டிய காசு அடிமேல் அடி வாங்கிப் பரந்துகொண்டே போவதால் நான்காவது, ஐந்தாவது காசில் உரு அப்படித்தான் விழும். ஆனால் விரிவு எல்லாப் பக்கமும் சீராக இருக்க வேண்டும். எண்ணெய் கலந்த சிற்பக் களிமண்ணில் பதிவெடுத்து ஒப்பிடாதீர்கள். அதில் கந்தகம் இருந்தால் வெள்ளியையும் செம்பையும் கறுக்கச் செய்யும்.

படத்தைப் பற்றி இன்னொன்று. ஒளி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால் குழிவு கண்ணுக்குப் புடைப்பாகத் தோன்றும். கடிகார முள்ளில் 10 மணித் திசையிலிருந்து ஒளி விழ ஒரு படம், 4 மணித் திசையிலிருந்து இன்னொன்று. விற்பவரிடம் இரண்டையும் கேளுங்கள்.

சாலையை விட்டு வெளியே வந்தபின் காசுக்கு நேர்ந்தது எதுவும் சாலைப் பிழை ஆகாது. 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 ரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றின் முகத்தில் உளி வெட்டு இருக்கிறது. வரலாற்றுக்கு அது பொன்னான தடயம், ஆனாலும் அச்சுப் பிழை அல்ல. பிடியில் நசுக்கியதற்கு வரலாற்று மதிப்பும் கிடையாது.

* * *

> 'ஒட்டச்சு'க்கு என் ஆதரவு.

எனக்கும் இப்போது அதுவே சரி. ஒரு சொல்லிலிருந்து கிளைச்சொற்கள் எளிதாகப் பிறக்கின்றனவா என்று பார்த்தேன்.

ஒட்டிய காசு வில்லையின் முகம் முழுவதையும் மூடினால் முழு ஒட்டச்சு. பாதி வெளியேறிய காசு வில்லையின் ஓரத்தில் மட்டும் குறுக்கே கிடந்தால் பகுதி ஒட்டச்சு; அதில் மீதி இடத்தில் வழக்கமான பின்பக்க உருவும் தெரியும். குறுக்கே கிடந்தது அடிபடாத வெறும் வில்லையாக இருந்தால் உருவே இல்லாத வழவழப்பான பள்ளம்தான் விழும். அதை இந்தக் குடும்பத்தில் சேர்க்காமல் 'வில்லைப் பள்ளம்' என்று விட்டுவிடலாம்.

அச்சு மோதலை இதோடு குழப்புகிறவர்கள் உண்டு. வில்லை வராமலே இரண்டு அச்சும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டால், ஒன்றன் தடம் மற்றதிலேயே தங்கிவிடும். பிறகு அந்த அச்சில் அடிபடும் எல்லாக் காசிலும் அதே இடத்தில், மங்கிய நிழலாக, வழக்கமான உருவோடு சேர்ந்து தெரியும். ஒட்டச்சு அப்படியல்ல. ஒட்டிய காசு விழுந்ததும் அச்சு பழையபடி சுத்தம்.

> தொப்பிக் காசு

அருமை. இதை ஒட்டி ஒரு கேள்வி. தொப்பிக் காசின் முகத்தில், ஏற்கெனவே அடிபட்ட இன்னொரு காசு வந்து குழிவைப் பதித்துவிட்டு, அதன்பின் புது வில்லை வந்தால், அந்த வில்லையில் உரு மறுபடி புடைப்பாக, வாசகம் நேராக, ஆனால் பரந்து மங்கி விழுமே? அதற்கு 'மறு ஒட்டச்சு' போதுமா?

* * *

போதும். இரண்டு முறை திரும்பி நேரானது என்ற பொருள் 'மறு' என்பதிலேயே வந்துவிடுகிறது. எழுதும்போது 'மறு ஒட்டச்சு' என்று பிரித்தும், 'ஒட்டச்சு' என்று சேர்த்தும் எழுதுங்கள். 'ஒட்டு அச்சு' என்று இடம்விட்டால் தாளில் ஒட்டும் முத்திரைபோல் படிக்கத் தோன்றுகிறது.

* * *

நன்றி, அம்மா. அட்டைகளை இப்படி எழுதிவிட்டேன்:

ஒரு ரூபாய், எஃகு. முழு ஒட்டச்சு, சிங்கப் பக்கம். முதல் நிலை (உரு விரியவில்லை), விலகல் இல்லை. 4.84 கிராம், நான்கு திசையிலும் 25.0 மி.மீ. ஆண்டும் சாலைக் குறியும் இல்லை. உரு அமைப்பைக் கொண்டு 1992–2004.

காலணா, வெண்கலம். முழு ஒட்டச்சு, தலைப்பக்கம். விலகல் 2 மி.மீ. 4.8 கிராம். ஆண்டு இல்லை. 1911 காசுகளில் மன்னர் அங்கியிலுள்ள யானை பன்றிபோல் இருக்கிறது என்று எதிர்ப்பு எழுந்து அதைத் திருத்தினார்கள். இதில் இருப்பது திருத்திய யானை. ஆகவே 1912–1936.

காலணாவின் குழிந்த பக்கத்தில் யானை இருக்கும் இடம் தெளிவாகப் பதிந்திருக்கிறது. 10 மணி, 4 மணி ஒளியில் எடுத்த இரண்டு படங்களையும் இணைத்திருக்கிறேன், தும்பிக்கையைப் பாருங்கள்.