புதுப்பிப்பு: தம்பியின் இரண்டாவது எச்ஐவி பரிசோதனை

மூன்று மாதங்களுக்கு முன் கேட்டிருந்தேன்: ஆணுறை இல்லாத உறவுக்குப் பின் 15ஆம் நாளில் தம்பி எச்ஐவி பரிசோதனை செய்துகொண்டான், தொற்று இல்லை என்று வந்தது, நம்பலாமா? பொறுத்திருந்து மறுபடி பார்க்கச் சொன்னவர்களுக்கு நன்றி.

நேற்று சுங்கை சிப்புட்டில் மறுபடி பார்த்தோம். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு இரத்தம், 20 நிமிடக் காத்திருப்பு. பட்டையில் ஒரே கோடு. தொற்று இல்லை. தம்பி பஞ்சை விரலிலிருந்து எடுக்கவே மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்தச் சோதனை தேடுவது உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளை என்று தாதி விளக்கினார். அது தெரியவர 23 முதல் 90 நாள் ஆகலாம். 15ஆம் நாள் முடிவுக்கு மதிப்பில்லை. இடையில் வேறு ஆபத்து இல்லாததால் இப்போதையது உறுதி. எனக்கு உறைத்தது வேறொன்று: 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போயிருந்தால் 28 நாள் தடுப்பு மருந்து கேட்டிருக்கலாம். அந்த மூன்று நாளையும் வெட்கத்தில் தொலைத்துவிட்டோம்.

தோட்டத்து வீட்டில் அத்தை இதுவரை அவன் குவளையைத் தனியே சன்னலோரம் கவிழ்த்து வைத்திருந்தார். குவளையாலும் கொசுவாலும் பரவாது என்று எத்தனை முறை சொன்னேன்! முடிவு வேறாக வந்திருந்தாலும் அது அங்கே இருக்கக்கூடாது. தொற்றுள்ளவர் மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தபடியே இருந்தால் உடலுறவில்கூடப் பரவாது. இன்று காலை இதையும் சொன்னேன். அத்தை பதில் பேசவில்லை. குவளையைக் கழுவி அலமாரியில் வைத்தார்.

தம்பியோடு உறவு கொண்ட அந்தப் பெண்ணும் வியாழக்கிழமை பரிசோதனைக்குப் போகிறார்.