உறைபனி வருவதற்குள் வைக்கோல் வேண்டும்

வணக்கம். ஊட்டியில் இருந்து எழுதுகிறேன். டிசம்பர், ஜனவரியில் இங்கே விடிகாலையில் புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்கும். எங்கள் தெருவில் 6 நாய்கள். அதில் ஒன்று குட்டி போட்டு 3 வாரம்தான் ஆகிறது.

போன வருடம் பழைய கம்பளிகளை விரித்து வைத்தேன். தப்பு. பனி ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு விடிவதற்குள் சில்லிட்டுப் போயின. நாய்கள் டீக்கடை அடுப்புச் சாம்பலில் போய்ப் படுத்தன. வைக்கோல்தான் சரி. ஈரம் அவ்வளவாகத் தங்காது, அதற்குள் புதைந்து படுத்துக்கொள்ளும். ஆனால் மலை மேலே நெல் வயல் ஏது?

இந்த முறை பிளாஸ்டிக் டிரம்மைப் படுக்கவைத்து, செங்கல் மேல் தூக்கி, வாயில் சாக்குத் திரை கட்டப்போகிறேன். பெரிய கூண்டு வேண்டாம். உடல் சூட்டிலேயே உள்ளே கதகதப்பாக வேண்டும் அல்லவா, எழுந்து திரும்பிப் படுக்க இடம் இருந்தால் போதும்.

மேட்டுப்பாளையத்தில் இருந்து காலி வண்டியில் மேலே வருபவர்கள் யாராவது ஐந்தாறு கட்டு வைக்கோல் ஏற்றி வர முடியுமா? காசு கொடுத்துவிடுகிறேன். அப்புறம், மருந்து, ரசாயனம் வைக்காத டிரம் 3 தேவை. டிரம் வெட்டிப் பழக்கம் உள்ளவர்கள், வெட்டிய விளிம்பு நாயைக் கிழிக்காமல் இருக்க என்ன செய்வீர்கள் என்றும் சொல்லுங்கள்.