புதுப்பிப்பு: சிறுநீரகச் செவிலியருக்கான மேற்படிப்பு, நான் எடுத்த முடிவு

டயாலிசிஸ் பிரிவில் பணிபுரியும் நான், சிறுநீரகச் செவிலியத்தில் ஓராண்டு போஸ்ட் பேசிக் டிப்ளமோ (அடிப்படைச் செவிலியர் படிப்புக்குப் பிந்தைய பட்டயம்) படிப்பதா, எம்.எஸ்சி. நர்சிங்கில் சேர்வதா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். விரிவாகப் பதில் எழுதிய மூத்த செவிலியர்களுக்கு நன்றி, எம்.எஸ்சி.யில் சேர்ந்துவிட்டேன்.

இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி இது 2 ஆண்டுப் படிப்பு, பி.எஸ்சி. நர்சிங்கில் 55 விழுக்காடு மதிப்பெண்ணும் ஓராண்டுப் பணி அனுபவமும் தேவை. சிறுநீரகவியல் இதில் தனிப் பட்டமன்று, மெடிக்கல் சர்ஜிக்கல் நர்சிங்கின் உட்பிரிவாகவே வருகிறது என்பதால், கல்லூரியில் அந்த உட்பிரிவு உண்டா என்று விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

படிப்பில் என்னை மிகவும் ஈர்த்தது தண்ணீர் பற்றிய பாடம். நிமிடத்திற்கு 500 மி.லி. டயாலிசிஸ் திரவம் என்று கொண்டால், 4 மணி நேரச் சிகிச்சையில் ஏறத்தாழ 120 லிட்டர், ஒரு மெல்லிய சவ்வுக்கு அப்பால் நோயாளியின் இரத்தத்தை ஒட்டிப் பாய்கிறது. அத்திரவத்தைத் தயாரிக்கும் தண்ணீரில், குழாய்நீரில் கிருமிநீக்கத்திற்காகச் சேர்க்கப்படும் குளோரமின் மிஞ்சியிருந்தால் இரத்தத்தின் சிவப்பணுக்கள் சிதையும். ஆகவே தண்ணீரின் அன்றாடப் பரிசோதனைப் பதிவேடு வெறும் அலுவலகத் தாள் அன்று. பட்டம் பெறாதவர் உட்பட, டயாலிசிஸ் பிரிவின் செவிலியர் ஒவ்வொருவருக்கும் இதைக் காரணத்தோடு கற்பிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நோயாளியின் அருகிலேயே பணியாற்ற விரும்புவோருக்கு டிப்ளமோவே போதும். கற்பித்தலிலும் ஆய்விலும் நாட்டம் உள்ளவர்கள் எம்.எஸ்சி.யைத் தேர்ந்தெடுக்கலாம். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்து அமைக்கும் வழி) உள்ள கையை நோயாளிகளே பராமரிக்கக் கற்பிப்பது குறித்து ஆய்வேடு எழுத எண்ணியுள்ளேன்.