‘பேட்ச்’சுக்குத் தமிழில் என்ன சொல்வது?

பாகூரான் எழுதியது:

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளுக்காக எட்டுப் பக்கத்தில் ஒரு பறவைக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐந்தாம் பக்கத்தில் ஒரு சொல்லில் வண்டி நின்றுவிட்டது. பறவை பார்ப்பவர்கள் ஆங்கிலத்தில் ‘பேட்ச்’ என்கிறார்களே, அதுதான். வீட்டுக்குப் பக்கத்தில், நடந்தோ சைக்கிளிலோ போய்விடக்கூடிய ஓர் இடம். ஏரிக்கரை, கருவேலங்காடு, சுடுகாட்டு மேடு, எதுவானாலும் சரி. ஒருவர் அங்கே வருஷம் முழுக்கத் திரும்பத் திரும்பப் போய், என்ன இருந்தது, என்ன இல்லை என்று குறித்து வைக்கிறார். அது அவருடைய பேட்ச். ‘ஹாட்ஸ்பாட்’ வேறு. ஊசுட்டேரி ஹாட்ஸ்பாட். 2008-இல் புதுச்சேரி அரசு அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கேமராவும் கையுமாக எப்படியும் பத்துப் பேர் நிற்பார்கள். பேட்சில் நாம் மட்டும்தான். கூட இரண்டு எருமை இருக்கலாம்.

என் பேட்ச், பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரிக்குள் வந்து சேரும் மூலை. ஆவணி, புரட்டாசியில் தண்ணீர் உள்வாங்கிச் சேறு வெளியே தெரியும். ஐப்பசியில் மழை பிடித்து ஏரி ஏறிவிட்டால் அந்தச் சேறு முழுகிப்போகும். குட்டைக்கால் உள்ளான் பறவைகளுக்கு அப்புறம் இங்கே வேலை இல்லை. தண்ணீர் தேங்கிய வயலைத் தேடிப் போய்விடும். ஆக எனக்கு வாய்ப்பது ஆறேழு வாரம்தான்.

போன வாரம் காலை ஆறேகால் மணி. எருமைக் குளம்பு பதிந்த பள்ளங்களில் தண்ணீர் நின்றது. ஒரு பொரி உள்ளான் பள்ளம் பள்ளமாக அலகை விட்டுத் துழாவிக்கொண்டே வந்து, எனக்குப் பதினைந்தடி தூரத்தில் நின்றது. கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம். மஞ்சளில் கொஞ்சம் பச்சை கலந்த கால். முதுகில் யாரோ ஒரு பிடி பொரியை இறைத்த மாதிரி புள்ளிகள். இதற்குப் பெயர் வைத்தவர் நிச்சயம் சேற்றில் நின்று பார்த்தவர். அந்தப் புள்ளிகளின் ஓரம் தேய்ந்து மங்கியிருந்தது. அதனால் இது இந்த வருஷத்துக் குஞ்சு இல்லை, வளர்ந்த பறவை. சுமார் அறுபது கிராம் எடை. கூடு கட்டுவதெல்லாம் ஸ்காண்டிநேவியா, சைபீரியா பக்கத்துச் சதுப்புக் காடுகளில். இந்த வகைக் கரைப்பறவைகள் பலவற்றில் பெரியவை முதலில் கிளம்பிவிடும். குஞ்சுகள் சில வாரம் கழித்து, வழிகாட்ட ஆளில்லாமல் தாமாகவே வந்து சேரும். புத்தகத்தில் படித்த சங்கதிதான். ஆனால் ஆவணியில் தேய்ந்த முதுகும் புரட்டாசியில் பளிச்சென்ற புது முதுகும் ஒரே பள்ளத்தில் நிற்பதை மூன்று வருஷம் தொடர்ந்து பார்த்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. ஊர் ஊராகச் சுற்றியிருந்தால் கண்ணில் பட்டிருக்காது.

ஆகவே சொல்லில் நிலத்தைவிட, போய்வருகிற பழக்கம் தெரிய வேண்டும் என்பது என் கட்சி. வராத பறவையும் அங்கே ஒரு செய்தி. பறவை பார்ப்பவர்களுக்கான இபேர்ட் இணையதளத்தில் பட்டியலை ஏற்றும்போது ‘கண்டதை எல்லாம் எழுதினாயா’ என்று ஒரு கேள்வி கேட்கிறார்களே, அது எதற்கு? ஆம் என்று சொன்னால்தான் பட்டியலில் இல்லாததை அன்றைக்கு அங்கே தென்படாததாக எடுத்துக்கொள்ள முடியும்.

இதுவரை யோசித்தவை: ‘திட்டு’ என்றால் பேட்ச் என்ற சொல்லை அப்படியே பெயர்த்து வைத்தது போல இருக்கிறது, வசவும் காதில் விழுகிறது. ‘சரகம்’ என்றால் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். ‘கொல்லை’ நம் பக்கத்துச் சொல், முந்திரிக்கொல்லை, பலாக்கொல்லை என்று பண்ருட்டி வரைக்கும் மணக்கும். ஆனால் ‘தினமும் காலையில் கொல்லைக்குப் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்’ என்று கையேட்டில் எழுதினால் பிள்ளைகள் என்ன நினைக்கும்?

எனக்குப் பிடித்தது ‘பாடு’. பழவேற்காடு ஏரியில் மீனவர்கள் வலை கட்டும் இடங்களை முறைவைத்துப் பிரித்துக்கொள்வதற்குப் பெயரே பாடு. கரையில் ‘இன்னிக்கு மீன்பாடு எப்படி’ என்று கேட்கிறோம். இடம், முறை, கிடைத்தது, பட்ட சிரமம் எல்லாம் ஒரு சொல்லுக்குள் வந்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. பறவைகள் வடக்கேயிருந்து வருவதை ஆங்கிலத்தில் ‘ஆட்டம் மைக்ரேஷன்’ என்கிறார்கள். அதை ‘இலையுதிர்கால வலசை’ என்று எழுதிவிட்டு நானே அடித்துவிட்டேன். பொன் உருகக் காய்ந்து மண் உருகப் பெய்யும் புரட்டாசியில் பாகூரில் எந்த இலை உதிர்கிறது? ‘வரத்து’ என்று வைத்தால் என்ன? ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருவது வரத்து வாய்க்கால். சந்தையில் கத்தரிக்காய் வரத்து. வடக்கேயிருந்து பறவை வருவது பறவை வரத்து. பங்குனி வாக்கில் திரும்பிப் போவது போக்கு. இரண்டும் சேர்ந்தால் போக்குவரத்து, அதற்குப் புதிதாக எதுவும் வேண்டாம்.

முதுநகர் ஆசிரியர் எழுதியது:

தம்பிக்கு,

வரத்து அருமை. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை, இன்றே புழக்கத்தில் விட்டுவிடுங்கள். ‘வலசை’ போவது வருவது இரண்டுக்கும் பொதுவாக நிற்கட்டும். தெற்கே வருவதற்கு மட்டும் வரத்து.

பாடுதான் உதைக்கிறது. நீங்கள் எழுவாயாக மட்டும் எழுதிப் பார்த்திருக்கிறீர்கள். வேற்றுமை உருபைச் சேருங்கள். வீடு வீட்டில் ஆகிறது, காடு காட்டில் ஆகிறது. பாடு? ‘என் பாட்டில் பொரி உள்ளான் வந்தது.’ பாட்டுக்குள் வந்ததா, பாட்டிலுக்குள் வந்ததா? புதுச்சேரியில் இருந்துகொண்டு இதை எழுதினால் இரண்டாவதைத்தான் நம்புவார்கள். ‘பறவைப்பாடு’ என்று நீட்டினாலும் தப்பிக்க முடியாது. செயல்பாடு, குறைபாடு, வழிபாடு என்று ‘பாடு’ இன்றைக்குத் தொழிற்பெயர் விகுதியாகவே காதில் பதிந்துவிட்டது. அதை ஓர் இடத்தின் பெயராக யாரும் படிக்கமாட்டார்கள். மீன்பாடு நிற்கிறதென்றால் அது கரையில் பிறந்து கரையிலேயே வளர்ந்த சொல்.

நான் சொல்வது ‘புலம்’. நிலமும் உண்டு, புலனும் உண்டு. என் புலம் உப்பனாற்றங்கரை. சுருக்கமாக இல்லையா?

தேங்காய்த்திட்டிலிருந்து:

ஐயா, அண்ணா, வணக்கம். நான் இந்தக் குழுமத்தில் படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

புலம் வேண்டாம் ஐயா. நான் படித்த புதுவைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறை இருப்பதே சுப்பிரமணிய பாரதியார் தமிழியற்புலத்தில். ‘என் புலத்தில் ஆந்தை இருக்கிறது’ என்றால் பேராசிரியர் யாராவது கோபித்துக்கொள்வார்.

அண்ணா திட்டை ஒரு வரியில் தள்ளிவிட்டார், அதுதான் வருத்தம். எங்கள் ஊர்ப் பெயரிலேயே திட்டு இருக்கிறது. பிச்சாவரம் பக்கம் எம்.ஜி.ஆர். திட்டு இருக்கிறது. கழிமுகத்தில் வாழ்கிறவர்களுக்குத் திட்டு வசவு இல்லை, தண்ணீர் நடுவே கால் வைக்கக் கிடைக்கிற மேடு. எங்கள் அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் ஓதம் வற்றும்போது அப்படி ஒன்று தலை தூக்கும். சின்னக் கோட்டான் (ஆந்தை இல்லை, வளைந்த அலகுள்ள கரைப்பறவை) வந்து இறங்குவது அதில்தான். ஆனால் அதனாலேயே நானும் திட்டு வேண்டாம் என்கிறேன். ‘என் திட்டு’ என்று நான் எழுதினால் அந்தச் சேற்று மேட்டைச் சொல்கிறேனா, பறவை பார்க்கும் முழு இடத்தையும் சொல்கிறேனா என்று எனக்கே குழம்பும். வரத்து ரொம்ப நல்லா இருக்கு அண்ணா. அம்மாவிடம் சொன்னேன், அர்த்தம் கேட்கவே இல்லை.

பாகூரான் எழுதியது:

ஐயா, பாட்டிலை மூடிவிட்டேன். தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். தங்கச்சி, திட்டைப் பற்றி அவசரப்பட்டுப் பேசியது தப்புதான். நான் ஏரிக்காரன், ஓதம் பார்த்து வளரவில்லை.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். எருமை ஓட்டிவரும் அம்மா ஒருவர், தினமும் என்னைத் தாண்டித்தான் போவார். பேசியதில்லை. நேற்று நின்று, “என்னா தம்பி, தெனம் எங்க மேக்கால்ல வந்து நிக்கிற?” என்றார். குருவி பார்க்கிறேன் என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை. இது உங்கள் இடமா என்று கேட்டேன். “யாரு எடமும் இல்ல. தெனம் ஓட்டிக்கினு வர்றோம், அதான் எங்க மேக்கால்.”

வீட்டுக்கு வந்து அந்தச் சொல்லைப் புரட்டிக்கொண்டே இருந்தேன். மேய்க்கால். வருவாய்த் துறைக் கணக்கில் ‘மேய்க்கால் புறம்போக்கு’ என்று இன்றைக்கும் இருக்கிறது. பட்டா கிடையாது, போய்வருவதால்தான் உரிமை. கண் மேய்வது என்றும் சொல்கிறோம், அதனால் பறவைக்காரனுக்கும் பொருந்தும். உருபைச் சேர்த்துப் பார்த்தேன் ஐயா: மேய்க்காலில், மேய்க்காலுக்கு, மேய்க்காலை. எங்கும் உதைக்கவில்லை. ‘பேட்ச் லிஸ்ட்’ மேய்க்கால் பட்டியல். நாம் எல்லோரும் மாடு மேய்க்கத்தான் லாயக்கு என்று வீட்டில் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது, புதிதாக மானம் போக ஒன்றும் இல்லை.

ஓர் இடைஞ்சல் உண்டு. ‘மேய்க்காலில் நீலச்சிறகி’ என்று எழுதினால் நிஜமாகவே மாடு மேயும் நிலம் என்று ஒருவர் எடுத்துக்கொள்ளலாம். பாதி நேரம் அது நிஜமாகவே மாடு மேயும் நிலம்தான்.

முதுநகர் ஆசிரியர் எழுதியது:

தம்பி,

இரண்டு நாள் குறை தேடிப் பார்த்தேன், பெரிதாக அகப்படவில்லை. கையேட்டில் முதல் தடவை வரும் இடத்தில் ‘பறவை மேய்க்கால்’ என்று முழுசாகப் போடுங்கள், அப்புறம் மேய்க்கால் போதும். இல்லாவிட்டால் பிள்ளைகள் வீட்டில் போய், சார் எருமை ஓட்டச் சொன்னார் என்று சொல்லிவைக்கும்.

இன்று காலை உப்பனாற்று மேய்க்காலில்: பவளக்காலி 4, பச்சைக்காலி 1, பட்டாணி உப்புக்கொத்தி 11. கோட்டான் இல்லை. வரத்து இன்னும் மெலிவுதான்.