குடும்பக் குழு: சிங்கப்பூர்த் தேக்காவில் ஒரு மீன்

அண்ணி (8:12): தேக்கா மார்க்கெட்டில் நிற்கிறேன். படத்தில் இருக்கிற இந்தத் தலை அகலமான மீனைக் கடைக்காரர் பெலானாக் என்கிறார். தமிழில் என்ன பெயர்?

சின்ன மாமா (8:14): கொடுவா மாதிரி இருக்கிறதே.

பெரியம்மா (8:15): கொடுவா இல்லை, மடவை! கொடுவாய்க்கு வாய் பெரியது. இதற்கு வாய் சின்னது, தலை மேலே தட்டையாக இருக்கும். முதுகில் இரண்டு துடுப்பு தள்ளித் தள்ளி நிற்கும். முன்துடுப்பில் முள் நாலுதான், எண்ணிப் பார்.

அண்ணி (8:17): ஆமாம், நாலுதான்!

பெரியம்மா (8:18): முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் வளர்கிற மீன். எங்கள் ஊர் மீனைத் தேக்காவில் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. செவுளைத் தூக்கிப் பார், சிவப்பாக இருந்தால் வாங்கு.

தம்பி (8:21): சாம்பல் மடவைக்கு முகில் செஃபாலஸ் என்று அறிவியல் பெயர், பெரியம்மா. 1758இல் லின்னேயஸ் என்ற விஞ்ஞானி வைத்தது. முகில் நம் மேகம் இல்லை, லத்தீன். செஃபாலஸ் கிரேக்கத்தில் தலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

பெரியம்மா (8:23): பார்த்தாயா, அவர்களுக்கும் தலைதான் முதலில் கண்ணில் பட்டிருக்கிறது!

அக்கா (8:24): யாழ்ப்பாணத்தில் இதை மணலை என்பார்களாம், என் மாமியார் சொன்னார்.

தம்பி (8:26): சுங்கை பூலோ சதுப்பு நிலத்தில் தண்ணீரை விட்டுத் துள்ளுமே, அதுவும் மடவை இனம்தான்.

பெரியம்மா (8:29): கடையில் பெலானாக் என்றே கேளுங்கள், அது மலாய்ப் பெயர். ஆனால் வீட்டில் பிள்ளைகளிடம் மடவை என்று சொல்லுங்கள். எல்லாம் வெறும் 'மீன்' என்றால் எனக்கு மனசு கேட்காது.

அண்ணி (8:31): சரி பெரியம்மா. இரண்டு வாங்கிவிட்டேன்.

பெரியம்மா (8:33): கழுவும்போது வயிற்றுக்குள் கறுப்புத் தோல் ஒட்டியிருக்கும். அதை விரலால் சுரண்டி எடு, விட்டால் சேற்று வாடை அடிக்கும். இது சேற்றைத் தின்கிற மீன். அதை அரைக்கத்தான் உள்ளே கோழியின் இரைப்பை மாதிரி கெட்டி உருண்டை ஒன்று இருக்கும். அப்புறம் மஞ்சளும் கல்லுப்பும் போட்டு உரசிக் கழுவு.

அண்ணி (10:05): சுரண்டிவிட்டேன். சின்னவள் அந்த உருண்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு "மடவை, மடவை" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

பெரியம்மா (10:06): என் தங்கம்! சினை இருந்ததா?

அண்ணி (10:07): ஒன்றில் இருந்தது. மஞ்சளாக இரண்டு பட்டை.

பெரியம்மா (10:08): அதைக் குழம்பில் போட்டுவிடாதே. மிளகுத்தூள் தடவித் தனியாக வை. 12 மணிக்கு வந்து நானே பொரிக்கிறேன்.