‘போலி’ என்ற ஒரே சொல் போதுமா? பழைய கார்த் துணைப்பொருள்களுக்கான கலைச்சொற்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய கார்களின் விளக்கு, ஹாரன், ரேடியேட்டர் மூடியின் மேல் நிற்கும் சிற்பம் ஆகியவற்றின் பிற்காலப் பிரதிகளைப் ‘போலி’ என்றே சொல்லிவிடலாம் என்று முந்தைய மடல்களில் சிலர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கேரள எல்லையிலுள்ள எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழரும் மலையாளிகளும் ஒரே பட்டறையில் வேலை செய்கிறார்கள். அசலல்லாத எல்லாமே இருவருக்கும் ‘டூப்ளிகேட்’தான். அந்த ஒரு சொல்லுக்குள் நேர்மையான பொருளும் மோசடியும் சேர்ந்தே கிடக்கின்றன.

பிரான்சின் கண்ணாடிக் கலைஞர் ரெனே லாலிக் 1925 முதல் கார்களுக்கான கண்ணாடிச் சிற்பங்களைச் செய்தார். 1945-இல் அவர் மறையும்வரை வந்தவற்றில் ‘ஆர். லாலிக்’ என்று இருக்கும். அதன்பின் அந்த முதலெழுத்து கைவிடப்பட்டது. அதே நிறுவனம் அவற்றுள் சிலவற்றை, தாள் பறக்காமல் மேசைமேல் வைக்கும் எடைகளாகப் பிற்காலத்தில் மீண்டும் செய்து விற்றது. அதில் வஞ்சகம் ஏதுமில்லை. அப்படி ஒன்றை வாங்கி, பெயருக்கு முன்னால் ‘ஆர்’ என்று பொறித்து, 1930-ஆம் ஆண்டுப் பொருள் என்று ஒருவர் விற்கும்போதுதான் அது போலியாகிறது.

ஆகவே, பிரதி என்று சொல்லியே விற்கப்படும் பொருளுக்குப் ‘படியாக்கம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ஓலைச்சுவடியைப் பார்த்து எழுதுவதைப் ‘படி எடுத்தல்’ என்கிறோம். அதில் யாரும் ஏமாற்றைக் காண்பதில்லை. ‘போலி’ ஏமாற்றும் நோக்கத்துக்கு மட்டும் இருக்கட்டும். பாலக்காட்டு நண்பர் பரிந்துரைத்த ‘வியாஜம்’ மலையாளத்தில் பொருத்தமானதே, ஆனால் தமிழில் அதற்குச் சாக்கு என்று பொருள். எல்லையைத் தாண்டினால் குழப்பமே மிஞ்சும்.

அசலையே அச்சாக மணலில் பதித்து வார்த்ததைத் தனியே ‘படிவார்ப்பு’ எனலாம். இதற்குத் தனிச்சொல் தேவை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன், ஏனெனில் அதைக் கண்டுபிடிக்கும் வழியே வேறு. உருக்கிய பித்தளை ஆறும்போது நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை பங்கு சுருங்கும். சென்ற மாதம் இரண்டு பித்தளைக் கழுகுகளை வெர்னியர் அளவுகோலால் அளந்தேன்: அசல் 120 மி.மீ., மற்றது 118. சிறியதன் இறகுக் கோடுகள், கரைந்த சோப்பில் எழுத்து மங்குவதுபோல மழுங்கியிருந்தன.

பழம்பொருளின் மேற்பரப்பில் காலப்போக்கில் ஏறும் நிறமும் மெருகுமான ‘பாட்டினா’வுக்குக் ‘களிம்பு’ வேண்டாம். அது பச்சை பிடிப்பதற்கு உரிய சொல். ‘முதுமெருகு’ என்கிறேன். பல்லாண்டுகள் கைபட்ட பித்தளையில் மேடுகள் பளபளக்கும், பள்ளங்கள் கறுத்திருக்கும். பழசாகக் காட்ட அமிலத்தில் முக்கி எடுத்ததோ, யார் விரலும் படாத திருகு மரையின் உள்ளே வரை ஒரே சீராகக் கறுத்திருக்கும்.

1920களின் விளக்கு என்று வருவதில் ஸ்டார் ஸ்குரூ (தலையில் கூட்டல்குறி போன்ற பள்ளம் உள்ள திருகு) இருந்தால் ஐயம் கொள்வது சரிதான், அவ்வகைத் திருகு கார்களுக்கு வந்ததே 1930களின் நடுவில். ஆனாலும் பழுதுபார்த்தவர் பிற்பாடு மாற்றியிருக்கலாம் என்பதால், அதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவுகட்டக் கூடாது. நீலச்சாயல் கொண்ட குரோம் பூச்சும் அப்படியே. 1920களின் இறுதிவரை நிக்கல்தான் வழக்கம் என்றாலும், அசலுக்கு மறுபூச்சு இட்டவர்கள் பலர்.

பெட்டி பிரிக்காமலே கிடந்த ‘பழைய ஸ்டாக்’குக்குப் ‘பிரியாச் சரக்கு’ என்ற சொல் தோன்றுகிறது. இதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.